நோலிங்கின் உயிலில் கிடைத்த வாஷிங்டன்

நான் குடியிருக்கும் ஊரின் பெயர் வாஷிங்டன். இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றுக்கும் வியர் ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது. பழைய எல்லைக் கணக்கில் டர்ஹாம் மாவட்டம். வேலைக்காக இங்கே வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. தேவாலயத்துக்குப் பக்கத்தில் 'ஓல்ட் ஹால்' என்ற கல்வீடு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 அன்று அமெரிக்கச் சுதந்திர தின விழா அங்கே நடக்கும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். சென்ற ஆண்டு என் மகளும் போய்வந்தாள். "அப்பா, ஜார்ஜ் வாஷிங்டன் அந்த வீட்டிலா இருந்தார்?" என்று கேட்டாள். அவர் இல்லை, அவருடைய முன்னோர்கள் அந்த இடத்தில் இருந்தார்கள் என்றேன். "அது எப்படித் தெரியும்?" என்றாள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்பது மாதச் சனிக்கிழமைகளை அதற்காகச் செலவிட்டேன். இந்தக் குடும்பத்தைப் பற்றி அறிஞர்கள் நூறாண்டுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையையும் அடுத்த தலைமுறையோடு எந்தத் தாள் இணைக்கிறது என்பதை நானே பார்த்து உறுதி செய்துகொள்ள விரும்பினேன். ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்றைப் பின்னோக்கித் தேட நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், போன வழியையும் தவறிய இடங்களையும் எழுதி வைக்கிறேன்.

தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போக வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது 1732. தந்தை அகஸ்டின், தாத்தா லாரன்ஸ், கொள்ளுத்தாத்தா ஜான். இந்த ஜான்தான் 'சீ ஹார்ஸ் ஆஃப் லண்டன்' என்ற கப்பலில் வர்ஜீனியாவுக்குப் போனவர். 1657-இல் அந்தக் கப்பல் பொட்டாமக் ஆற்றில் தரைதட்டியது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். பின்னால் அவர் தம்பி லாரன்சும் போய்ச் சேர்ந்தார். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. இந்த ஜான் இங்கிலாந்தில் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் கேள்வி.

இது ஜார்ஜ் வாஷிங்டனுக்கே தெரியாது. குலச் சின்னங்களைப் பதிவு செய்யும் லண்டன் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக இருந்த சர் ஐசக் ஹேர்ட் 1791-இல் அவருக்குக் கடிதம் எழுதி, குடும்ப வரலாற்றைக் கேட்டார். அமெரிக்காவின் அதிபராக இருந்த வாஷிங்டன் 1792 மே மாதத்தில் பதில் எழுதினார். இந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றும், முன்னோர்கள் இங்கிலாந்தின் வடபகுதி மாவட்டம் ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாகவும், அது லங்காஷயரா, யார்க்‌ஷயரா, இன்னும் வடக்கேயா என்பது சரியாக நினைவில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார். 135 ஆண்டுகளுக்குள் ஒரு குடும்பம் தன் சொந்த ஊரை மறந்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் இந்த வேலையில் எனக்கு உண்மையான பிடிப்பு வந்தது.

வேலையைத் தொடங்கும் முன் கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். ஆவணத்தில் எழுதியுள்ளபடியே பெயர் ஒரு பத்தியில். இன்றைய எழுத்துக்கூட்டல் அடுத்த பத்தியில். அதேபோல் ஆவணத்தில் உள்ள தேதி தனியாக, நம் கணக்குக்கு மாற்றிய தேதி தனியாக. ஊர், ஆவணத்தின் வகை, நான் பார்த்தது அசலின் படமா, அச்சிட்ட பிரதியா என்ற குறிப்பு. கடைசியாக, அதே ஆவணத்தில் வரும் மற்றவர்களின் பெயர்களுக்கு ஒரு பத்தி. முதலில் அந்தக் கடைசிப் பத்தி என்னிடம் இல்லை. வாஷிங்டன் என்ற பெயரைத் தேடும்போது மற்றவர்கள் எதற்கு என்று விட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து, பார்த்த ஆவணங்களையெல்லாம் திரும்பத் திறந்து அதை நிரப்ப வேண்டியதாயிற்று. இந்த ஆராய்ச்சியின் உயிரே அந்தப் பத்தியில்தான் இருந்தது.

முதல் தவறு எளிமையானது. வில்லியம் மன்னர் 1086-இல் எடுத்த டோம்ஸ்டே நிலக்கணக்கில் 'வாசிங்கெட்டூன்' என்ற ஊர் இருப்பதைப் பார்த்தவுடன், நம் ஊர் அவ்வளவு பழமையானதா என்று மகிழ்ந்து அட்டவணையின் அடியில் எழுதிவிட்டேன். மறுவாரம் நிதானமாகப் பார்த்தேன். அந்தப் பதிவு தெற்குக் கடற்கரையோர மாவட்டமான சசெக்ஸ் பகுதியில் இருந்தது. அங்கேயும் ஒரு வாஷிங்டன் உண்டு, இன்றும் இருக்கிறது. டர்ஹாம் மாவட்டமோ டோம்ஸ்டே கணக்கிலேயே வராது. எனவே அதில் என் ஊர் இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு ஊர்ப் பெயர்களுக்கும் வேர் ஒரே மாதிரி: ஒரு தனிமனிதனின் பெயரோடு, அவனைச் சார்ந்த குடியிருப்பு என்று பொருள் தரும் பழைய ஆங்கில விகுதி சேர்ந்தது. இரண்டு ஊர்களுக்கும் தொடர்பு கிடையாது. சசெக்ஸ் ஊரிலிருந்து கிளம்பியவனும் வாஷிங்டன் என்று பெயர் பெற்றிருக்கலாம். ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயரைத் தேடுகிறவர்கள், அதே பெயரில் நாட்டில் எத்தனை ஊர் இருக்கிறது என்பதை முதல் நாளே எண்ணிவிட வேண்டும்.

இரண்டாவது தவறில் ஆறு வாரம் போயிற்று. இணையத்தில் யாரோ தொகுத்த வம்சாவளி ஒன்றில், நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த லாரன்ஸ் வாஷிங்டன் என்பவரின் மகன்களாக ஜான், லாரன்ஸ் என்ற இரண்டு பெயர்கள் இருந்தன. வர்ஜீனியாவுக்குப் போனவர்களும் ஜானும் லாரன்சும்தானே? அண்ணன் தம்பி பெயர் இரண்டும் பொருந்துகின்றன, ஊரும் நல்ல குடும்பமும் பொருந்துகின்றன என்று நானும் நம்பிவிட்டேன். அவர்களைச் சுற்றி ஞானஸ்நானம், கல்லூரிச் சேர்க்கை, நிலம் என்று தகவல்களை அடுக்கினேன்.

அடுக்க அடுக்க ஒன்று இடித்தது. அந்த ஜான் 'சர்' பட்டம் பெற்றவர். வர்ஜீனிய ஆவணங்களில் கப்பலேறிப் போன ஜானுக்கு அந்தப் பட்டம் எங்கும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் நிலப்பத்திரம் எழுதுபவன் ஒருவரின் பட்டத்தை விட்டுவிட்டு எழுதமாட்டான். பட்டம் அவ்வளவு முக்கியம். தம்பி லாரன்ஸோ பாதிரியார். வர்ஜீனியாவுக்குப் போன லாரன்ஸ் பாதிரியார் அல்ல. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: ஐசக் ஹேர்ட் போட்ட வம்சாவளியும் இதேதான். பட்டம் பெற்ற ஜானையும் பாதிரியார் லாரன்சையும் கப்பலேற்றிவிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் அதையே நம்பினார்கள். ஜோசப் லெமுவல் செஸ்டர் என்ற அமெரிக்கர் லண்டனில் தங்கி ஆராய்ந்து, 1866-இல் அது தவறு என்று நிறுவினார். உண்மையில் கப்பலேறியவர்கள் அதே குடும்பத்தில் ஒரு தலைமுறை கீழே இருந்தவர்கள். பெரியப்பா பெயரும் அப்பா பெயரும் பிள்ளைகளுக்கு அப்படியே வந்திருந்தன. அந்த இணைய வம்சாவளி 1866-இல் தகர்ந்த ஒன்றை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. பெயர் பொருந்துவது ஆதாரம் ஆகாது என்பதை ஆறு வாரம் கொடுத்துக் கற்றேன்.

இந்த இடத்தில் கையெழுத்துப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சிட்ட நூல்களை மட்டும் நம்பியிருந்தால் வேகமாகப் போயிருக்கலாம்; ஆனால் அசலின் படத்தைப் பார்க்கும்போது கிடைக்கும் உறுதி வேறு. 16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய எழுத்தர்களின் கை இன்றைய ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் புரியாது. 'இ' ஒலிக்கான எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும். 'எஸ்' கோல்போல நீண்டிருக்கும். 'ஐ', 'என்', 'எம்', 'யு' நான்கும் ஒரே மாதிரியான குட்டைக் கோடுகளால் ஆனவை. அவை அடுத்தடுத்து வந்தால் எத்தனை கோடு எந்த எழுத்துக்கு என்று எண்ணித்தான் பிரிக்க வேண்டும். வாஷிங்டன் என்ற பெயரின் நடுவில் வரும் 'ஐ'யும் 'என்'னும் மூன்று கோடுகள். மூன்று கோடு என்றால் 'எம்' என்றும் படிக்கலாம். பெயர்ப் பட்டியல் தயாரித்தவர் அப்படிப் படித்துவிட்டால், தேடும் பெட்டியில் நாம் எத்தனை முறை சரியான எழுத்துக்கூட்டலைத் தட்டினாலும் அந்த மனிதர் வரமாட்டார்.

நான் பின்பற்றிய முறை இது. அந்தக் காலத்து உயில்களெல்லாம் 'கடவுளின் பெயரால் ஆமென்' என்றுதான் தொடங்கும். அந்த முதல் வரியில் என்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் அந்த எழுத்தர் எப்படி வளைத்திருக்கிறார் என்று கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்துகொண்டேன். மாதப் பெயர்கள், தேவாலயத்தின் பெயர், 'என் அன்பு மனைவி' போன்ற வழக்கமான சொற்களிலிருந்து மீதி எழுத்துகளைச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு எழுத்தரின் அகரவரிசை கையில் இருக்கும். பிறகு தெரியாத பெயரை அதோடு ஒப்பிடலாம். எழுத்தர் மாறினால் தாளும் மாற வேண்டும். என் கோப்பில் இப்போது பதினொரு தாள்கள் இருக்கின்றன. முதல் தாளை முடித்த அன்று நள்ளிரவு வரை விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

இனி ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ட்ரிங் என்ற சிற்றூர். அங்கத்திய தேவாலயப் பதிவேட்டில் 1635 ஜூன் 23 அன்று ஒரு ஞானஸ்நானம்: லாரன்ஸ் வாஷிங்டனின் மகன் லாரன்ஸ். லாரன்ஸ் என்ற பெயரை எழுத்தர் 'லேயரன்க்' என்று எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு எலிசபெத், 1641-இல் வில்லியம் என்று இன்னும் இரண்டு குழந்தைகள். அங்கே தந்தையின் பெயர் 'லாரன்க் வாஷென்டன்'. ஒரே பதிவேட்டில், ஒரே தந்தைக்கு இரண்டு வகை எழுத்துக்கூட்டல். அந்தக் காலத்தில் சரியான எழுத்துக்கூட்டல் என்ற எண்ணமே கிடையாது. காதில் விழுந்ததை எழுதினார்கள். வாய்க்கு 'ங்' நழுவினால் தாளிலும் நழுவும். இன்று சிலர் தங்கள் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதை வைத்துத் தாங்கள் வேறு கிளை என்று வாதிடுவதைப் பார்க்கிறேன். இந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் அப்படி வாதிடமாட்டார்கள்.

ட்ரிங்கில் மூத்தவன் ஜானின் ஞானஸ்நானம் இல்லை. பக்கம் பக்கமாகத் தேடியும் இல்லை. நாம் தேடுகிற ஆளே காணவில்லை என்னும்போது பெயரை மட்டும் துரத்துகிறவர்கள் நின்றுவிட வேண்டியதுதான். அங்கே நிற்காமல் போனவர் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ். மாசசூசெட்ஸ்காரரான அவர் லண்டனில் ஆண்டுக்கணக்காக உயில் பதிவேடுகளைப் புரட்டியவர். வாஷிங்டன் என்று தலைப்பிட்ட உயில்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. உயில்களின் உள்ளே யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். 1889-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் அந்த உயில் இருக்கிறது: ட்ரிங்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ நோலிங் என்பவரின் உயில்.

நோலிங் வாஷிங்டன் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. அவர் தன் ஞானமகன் லாரன்ஸ் வாஷிங்டனுக்கு நிலத்தை எழுதி வைக்கிறார். 'ஆம்ஃபில்லிஸ் வாஷிங்டன்' என்ற பெண்ணுக்குப் பணம் ஒதுக்குகிறார். அவள் லாரன்ஸ் வாஷிங்டனின் மனைவி என்று விளக்கமும் தருகிறார். பிறகு அவளுடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு: ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா. ட்ரிங் பதிவேட்டில் காணாத ஜான் இங்கே அம்மாவோடும் தம்பி தங்கையரோடும் ஒரே பத்தியில் நிற்கிறான்.

அந்த உயிலில் ஆம்ஃபில்லிஸை நோலிங் 'டாட்டர் இன் லா' என்று குறிப்பிடுகிறார். இன்றைய ஆங்கிலத்தில் அது மருமகள். அப்படிப் படித்தால் ஆம்ஃபில்லிஸின் கணவர் நோலிங்கின் மகனாக வேண்டும். ஆனால் கணவர் வாஷிங்டன். முதல் முறை படித்தபோது நான் இந்த இடத்தில் திணறினேன். 17-ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் மனைவிக்கு முந்திய கணவர் மூலம் பிறந்த மகளையும் குறித்தது. ஆம்ஃபில்லிஸ் ட்விக்டன் குடும்பத்துப் பெண். அவளுடைய அம்மா பிறகு நோலிங்கை மணந்தார். உறவுச் சொற்களை அந்தக் காலத்துப் பொருளில் படிக்காவிட்டால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும்.

ஆம்ஃபில்லிஸின் கணவரான பாதிரியார் லாரன்ஸின் கதை துயரமானது. ஆக்ஸ்ஃபோர்டின் பிரேசனோஸ் கல்லூரியில் இருந்தவர். 1633-இல் எசெக்ஸ் மாவட்டத்துப் பர்லீயில் பாதிரியார் பதவி கிடைத்தது. அது நல்ல வருமானம் உள்ள இடம். உள்நாட்டுப் போர் மூண்டபோது மன்னர் பக்கம் நின்றவர் என்பதால் 1643-இல் நாடாளுமன்றத் தரப்பு அவரைப் பதவியிலிருந்து விரட்டியது. மதுக்கடைகளில் கிடப்பவர் என்று அச்சிட்ட குற்றச்சாட்டு வந்தது. அவரை நேரில் அறிந்த நீதிபதி ஒருவர் அவர் பக்தியுள்ள நல்ல மனிதர் என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. போர்க்காலத்தில் எதிரணியைப் பற்றி எழுதியதை வைத்து ஒரு மனிதரை எடைபோட எனக்கு மனமில்லை. கடைசியில் மால்டன் ஊரின் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தில் அடக்கமானார். பதிவேட்டில் தேதி 1652 ஜனவரி 21.

இங்கே என் அட்டவணையின் தேதிப் பத்திகள் கைகொடுத்தன. அன்று இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது மார்ச் 25-இல். சட்டம் போட்டு 1752-இல்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். ஆகவே பதிவேட்டின் 1652 ஜனவரி நம் கணக்கில் 1653 ஜனவரி. இது தெரிந்த விஷயம்தான் என்று நினைத்தேன். இருந்தும் ஆம்ஃபில்லிஸ் விஷயத்தில் தடுக்கினேன். அவர் ட்ரிங்கில் அடக்கமானது 1655 ஜனவரி 19 என்று ஓர் அச்சுநூலில் பார்த்தேன். அவருடைய சொத்தை நிர்வகிக்கும் உரிமை மகன் ஜானுக்குக் கிடைத்தது 1655 பிப்ரவரி 8 என்று இன்னொரு தொகுப்பில் பார்த்தேன். அம்மா இறந்து இருபது நாளில் மகன் நீதிமன்றம் போனான் என்று எழுதிக்கொண்டேன். உண்மையில் முதல் நூல் தேதியை நம் கணக்குக்கு மாற்றி அச்சிட்டிருந்தது, இரண்டாவது மாற்றவில்லை. ஜான் உரிமை பெற்றது நம் கணக்கில் 1656 பிப்ரவரி. இடையில் ஓராண்டும் இருபது நாளும். அந்த ஓராண்டு முக்கியம். 1656 பிப்ரவரியில் ட்ரிங் ஆவணத்தில் இருக்கிற ஜான், 1657-இல் பொட்டாமக்கில் தரைதட்டிய கப்பலில் இருக்கிறார். காலம் சரியாகப் பொருந்துகிறது.

பொருந்துவது மட்டும் போதாது என்று முன்பே சூடுபட்டவன் என்பதால், ட்ரிங் ஜானும் வர்ஜீனியா ஜானும் ஒருவரே என்பதற்குக் கடலின் மறுபக்கத்திலிருந்து ஒரு சான்று வேண்டும் என்று தேடினேன். அது மார்த்தாவிடம் இருந்தது. வர்ஜீனியா ஜான் 1675-இல் எழுதிய உயிலில் தங்கை மார்த்தாவுக்குப் பத்துப் பவுண்டும் நாலாயிரம் பவுண்டு எடையுள்ள புகையிலையும் விடுகிறார். அவள் அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கப்பல் செலவுக்காகத் தனக்குத் தர வேண்டிய கடனையும் விட்டுக்கொடுக்கிறார். மார்த்தா அங்கேயே திருமணமாகி வாழ்ந்து, 1697-இல் தன் உயிலை எழுதினார். அதில் இங்கிலாந்தில் இருக்கும் தன் இரண்டு அக்காக்களுக்குப் புகையிலை அனுப்பச் சொல்கிறார். அவர்கள் பெயர் எலிசபெத், மார்கரெட்.

நோலிங்கின் உயிலை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா. ஐம்பது ஆண்டு இடைவெளியில், மூவாயிரம் மைலுக்கும் அப்பால், அதே பிள்ளைகள். எலிசபெத்துக்கும் மார்கரெட்டுக்கும் மார்த்தாவுக்கும் அதற்குள் திருமணமாகிப் பெயர் மாறியிருந்தது. எனவே வாஷிங்டன் என்ற பெயரைத் தேடினால் அவர்களில் யாரும் கிடைக்கமாட்டார்கள். பெயரைச் சுமந்து சென்றவர்கள் ஆண்கள். அந்தப் பெயர் எந்த வீட்டுக்குரியது என்பதற்கான சாட்சியை வைத்திருந்தவர்கள் அந்தப் பெயரை விட்டுப் போன மூன்று பெண்களும், அந்தப் பெயரே இல்லாத ஒரு கிழவரும். மகளைக் கூப்பிட்டு இரண்டு தாள்களையும் காட்டினேன். அவளே விரல் வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

இதற்கு மேலே பாதை சீராக இருந்தது. பாதிரியார் லாரன்ஸின் தந்தை 1616-இல் இறந்த இன்னொரு லாரன்ஸ். கிரேட் பிரிங்டன் தேவாலயத்தில் அவருடைய கல்லறைக் கல் குலச் சின்னத்தோடு இருக்கிறது. அவருடைய தந்தை ராபர்ட், அவருடைய தந்தை மறுபடியும் ஒரு லாரன்ஸ். இந்த மூத்த லாரன்ஸ் கம்பளி வணிகர். 1532-இலும் 1545-இலும் நார்தாம்ப்டன் நகர மேயர். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் என்ற பண்ணையை அரசிடமிருந்து 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸ் கொடுத்து வாங்கினார். 1610-இல் குடும்பம் அதை உறவினர் ஒருவருக்கு விற்றுவிட்டது.

சல்கிரேவுக்கு நேரில் போனேன். வீடு அழகாக இருக்கிறது. 1914-இல் பொதுமக்கள் நிதியில் வாங்கிப் பாதுகாத்து வருகிறார்கள். எனக்கு அதைவிடத் தேவாலயத்தில் உள்ள பித்தளைத் தகடுதான் மனத்தில் நின்றது. லாரன்ஸ் 'வாஸ்ஷிங்டன்', மனைவி ஏமி, அவர்களுக்கு நான்கு மகன்கள், ஏழு மகள்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. ஏமி 1564 அக்டோபர் 6 அன்று இறந்தார். லாரன்ஸ் இறந்த நாள், மாதம், ஆண்டு எழுத வேண்டிய இடத்தில் 15 என்ற நூற்றாண்டு எண் மட்டும் இருக்கிறது. மீதி வெற்று உலோகம். மனைவி இறந்தபோது தனக்கும் சேர்த்துத் தகடு செய்து வைத்திருக்கிறார். அவர் போன பிறகு அந்தத் தேதியை வெட்ட யாரும் முனையவில்லை. குனிந்து அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் தாமஸ் குரோம்வெலின் ஆணையால்தான் தொடங்கின. அதற்கு முன் யார் எப்போது பிறந்தார் என்பதற்குப் பொதுவான பதிவு இல்லை. நிலம், வரி, வழக்கு, திருமண ஒப்பந்தம் இவற்றில்தான் மனிதர்களைப் பிடிக்க வேண்டும். மேயர் லாரன்ஸ் வந்தது லங்காஷயரின் வார்டன் ஊரிலிருந்து. அங்கத்திய செயின்ட் ஆஸ்வால்ட் தேவாலயக் கோபுரத்தில் இருந்த ஒரு கல்லில் இரண்டு பட்டைகளும் மேலே மூன்று நட்சத்திரங்களும் செதுக்கியிருக்கின்றன. மழையில் கரையாமல் இருக்க இப்போது அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். சல்கிரேவிலும் பிரிங்டனிலும் இருப்பது இதே சின்னம். அமெரிக்கத் தலைநகர் 1938-இல் ஏற்றுக்கொண்ட கொடியிலும் இதே இரண்டு பட்டை, மூன்று நட்சத்திரம்தான். வார்டன் கிளையின் வேர் ராபர்ட் தெ வாஷிங்டன் என்பவர். 1292 வாக்கில் ஸ்டிரிக்லண்ட் குடும்பத்து ஜோனை மணந்து அந்தப் பக்கம் குடியேறியவர்.

அங்கிருந்து மீண்டும் என் ஊர். டர்ஹாம் ஆயர்கள் தங்கள் நிலப்பரப்பை அரசர்களைப் போல ஆண்டவர்கள். அரசரின் பொதுவான வரிப் பட்டியல்கள் இந்த மாவட்டத்துக்கு இல்லாமல் போனதற்கு அதுவே காரணம். மற்ற மாவட்டக்காரர்கள் 1327, 1332 வரிப் பட்டியல்களில் முன்னோரைத் தேடுவார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் அதற்கும் முந்திய ஒன்று இருக்கிறது. 1183-இல் ஆயர் ஹியூ டு பியூசே தன் நிலங்களிலிருந்து வர வேண்டியதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். அதற்குப் போல்டன் புத்தகம் என்று பெயர். அசல் போய்விட்டது, பிற்காலப் பிரதிகள் இருக்கின்றன. 1852-இல் அச்சான பதிப்பை நூலகத்தில் எடுத்தேன். லத்தீன். நம் ஊருக்கான பதிவு சில வரிகள்தான்.

ஹெர்ட்பர்னைச் சேர்ந்த வில்லியம் என்பவர் வெஸ்ஸிங்டனை வைத்திருக்கிறார். தேவாலயமும் அதன் நிலமும் நீங்கலாக. ஹெர்ட்பர்ன் ஊரை ஆயருக்கு விட்டுக்கொடுத்து அதற்கு மாற்றாக இதைப் பெற்றார். ஆண்டுக்கு நான்கு பவுண்டு செலுத்த வேண்டும். ஆயரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு வர வேண்டும்.

இவ்வளவுதான். ஊர் மாறியதும் பெயர் மாறியது. அவருடைய வழிவந்தவர்கள் 'தெ வெஸ்ஸிங்டன்' ஆனார்கள். காலப்போக்கில் 'தெ' உதிர்ந்தது. நமக்கு இது புதிதல்ல. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று சங்கப் பாடல்களின் அடியில் படிக்கிறோம்: கோவூரை உடையவர், ஆலத்தூரை உடையவர். வெஸ்ஸிங்டன் கிழார் என்று வில்லியமை என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், உடனே பிடித்துக்கொண்டாள். நம்மிடம் அந்தப் பெயர் அந்த மனிதரோடு நின்றது. இங்கே அது பேரன்களுக்குப் போயிற்று. நிலம் கைவிட்டுப் போன பிறகும் போய்க்கொண்டே இருந்தது.

நிலம் கைவிட்டுப் போனதும் உண்மை. வாஷிங்டனில் இருந்த மூத்த கிளை 1400 வாக்கில் ஆண் வாரிசு இல்லாமல் நின்றது. மகள் வழியாகச் சொத்து டெம்பஸ்ட் குடும்பத்துக்குப் போய், பிறகு வேறு கை மாறி, 1613-இல் டர்ஹாம் ஆயரிடமே திரும்பியது. இன்று நிற்கிற ஓல்ட் ஹாலில் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1936-இல் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்து இடிக்க இருந்தார்கள். உள்ளூர் ஆசிரியர் ஃபிரெட் ஹில் முன்னின்று காப்பாற்றினார். ஆகவே மகள் கேட்ட முதல் கேள்விக்கும் இப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியும்: வில்லியமின் பிள்ளைகள் இருந்தது இந்தச் சுவர்களுக்குள் அல்ல, இதே மண்ணில், இதற்கு முன் நின்ற வீட்டில்.

சென்ற வாரம் இருவரும் பஸ்ஸில் டர்ஹாம் பேராலயத்துக்குப் போனோம். 1416 முதல் 1446 வரை அங்கே மடத்தின் தலைவராக இருந்தவர் ஜான் வெஸ்ஸிங்டன். மடத்தின் பத்திரங்களைத் தேடி ஒழுங்குபடுத்தி எழுதி வைத்த அறிஞர் அவர். சுற்றுப் பிராகாரத்தில் அவர் நினைவுப் பலகை இருக்கிறது. அவர் அறியாத நாடுகளில் அவர் குடும்பம் அழியாப் பெயர் பெற்றது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மகள் அதைப் படித்துவிட்டு, டெம்பஸ்ட் வீட்டுக்குப் போன அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டாள். அட்டவணையில் அவளுக்குப் புதிய பக்கம் திறந்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் இரண்டு வரிகள் இருக்கின்றன.